மூன்றாவது குவியல்

என் மனுசியைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. இந்த ஒரு வசனத்தை எழுத எனக்குப் பல வருடம் பிடித்தது. அவள் இன்னொருவரோடு சிரித்துப் பேசியதால் வந்த பொறாமை என்றால் யாருக்கும் விளங்கும். எனக்கு வந்தது மட்டியால். வடக்குக் கடற்கரைப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் கறுப்பு மட்டிகளில் எது அந்தக் கரைக்கே உரியது, எது வெளியிலிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்வதில் அவள் என்னை மிஞ்சிப்போனாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

2009இல் நான் பாரிசில், தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள ஒரு றெஸ்ரோறன்ட் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தேன். பாத்திரம் கழுவுவதிலிருந்து மட்டி கழுவுவதற்கு உயர்ந்திருந்தேன். மூல் என்று பிரெஞ்சுக்காரர் சொல்லும் கறுப்பு மட்டி வாரத்தில் நாலு நாள் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டின் விளிம்பில் தொங்கும் நார்த்தாடியைப் பிடுங்கி, மேலே ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டி, வாய் பிளந்து செத்தவற்றை எறிந்துவிட்டு மிச்சத்தை ஷெஃபிடம் கொடுக்க வேண்டும். விரல் நுனிகள் எப்போதும் வெட்டுக் காயமாக இருக்கும். குளித்தாலும் மணம் போகாது. மெத்ரோவில் பக்கத்தில் நிற்கிறவர் சற்று விலகி நிற்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷெஃப் குசினி வாசலில் நின்று கத்தினார். "இன்றைக்கு மூல் கழுவினது யார்? வெளியே வா. ஒரு மதாம் கூப்பிடுகிறார்."

யாருக்கோ பல்லில் மண் கடிபட்டிருக்கிறது, வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஈர ஏப்ரனோடு வெளியே போனேன். யன்னலோர மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், காற்றடித்துச் சிவந்த முகம், கட்டையாக வெட்டிய நரை மயிர். தட்டின் ஓரத்தில் இரண்டு ஓடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இந்த இரண்டும் ஒரே சாக்கிலா வந்தன?" என்று கேட்டார்.

"இல்லை மதாம். உருண்டையாக இருப்பது ஒரு சாக்கு. ஓட்டின் கூர்முனை மூக்கு மாதிரி வளைந்தது இன்னொரு சாக்கு. இன்றைக்கு ஒன்று போதாமல் போய்விட்டது, அதனால் கலந்தோம்."

பின்னால் நின்ற ஷெஃப் என் முதுகை முறைப்பது எனக்குத் தெரிந்தது. மதாம் அதைக் கவனிக்கவில்லை. "இரண்டும் வேறு என்று எப்படித் தெரிந்தது?" என்றார்.

"தாடி பிடுங்கும்போது பெருவிரல் மூக்கில் படும். வளைந்ததில் விரல் வேறு மாதிரி நிற்கும்."

அவர் கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை, இருந்திருந்தால் ஷெஃப் செத்திருப்பார். நின்றபடியே கேட்டேன். வடக்கே, புலோன் பக்கத்துக் கடற்கரையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் அவருக்கு வேலை. குளிர்ந்த வடக்குக் கரைக்கே உரியது உருண்டை மட்டி. மூக்கு வளைந்தது தெற்குச் சூட்டுக் கடலுக்குரியது. ஆனால் அது இப்போது வடக்குப் பாறைகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படுகிறது. எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று பார்ப்பதற்கு, கடல் நன்றாக வற்றும் நாட்களில் தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுக்கிப் பிரிக்கிறார்கள். பிறகு ஆய்வுகூடத்தில் மரபணுவைச் சோதித்து, கண் சொன்னது சரியா என்று பார்க்கிறார்கள்.

"அநேகமானவர்களுக்குப் பழக ஒரு வருடம் எடுக்கும்," என்று சொல்லிவிட்டு, மேசைக் கடதாசியில் தன் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார்.

கார்-து-நோர் ஸ்ரேசனைக் கடந்து நான் பத்து வருடமாக வேலைக்கு நடந்தவன். அதிலிருந்து கடலுக்கும் ரெயில் போகிறது என்று அடுத்து வந்த என் லீவு நாளான திங்கட்கிழமைதான் கவனித்தேன். புலோனில் இறங்கினால் மதாம் வெள்ளை வான் வண்டி ஒன்றோடு நிற்பார். அங்கிருந்து பாறைக் கரைக்குக் கால் மணித்தியாலம். கடல் பின்வாங்கிப் போயிருக்க, கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புப் பாறை, அதன் மேல் மட்டி, அதற்கு மேல் காற்று. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு பேக்கரிக்காரரின் மனைவி, சில மாணவர்கள் என்று எட்டுப் பத்துப் பேர். கயிறு பிடித்து அளந்து, அந்தக் கயிற்றின் வழியே பொறுக்கி வந்து, வெள்ளைத் தட்டில் கடல்தண்ணீர் விட்டு மட்டியை அதில் வைப்போம். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் அது மெல்ல வாயைத் திறக்கும். அப்போது உள்ளே சதையின் ஓரம் தெரியும். உள்ளூர் மட்டிக்கு அந்த ஓரம் பால் விட்ட தேநீர் நிறம். தெற்கு மட்டிக்குக் கத்தரிக்காய்த் தோல் நிறம். அதையும் மூக்கையும் சேர்த்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து மதாம் ஃபோன் எடுத்தார். என் பையில் ஒன்றோ இரண்டோதான் பிழை, குழுவில் வேறு யாருக்கும் அப்படி வரவில்லை என்றார். அடுத்த தடவை கரையில் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கைவைத்து, "இவர்தான் எங்கள் கண்," என்றார்.

குசினியில் எனக்குப் பெயர் கிடையாது. "ஏய், ஸ்ரீலங்கா" என்பார்கள். விசாவுக்காக நிற்கும் பிறெபெக்சர் வரிசையில் நான் ஒரு இலக்கம். அந்தக் கரையில் மாத்திரம், படித்த பிள்ளைகள் ஒரு ஓட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "முசியோ, இது என்ன?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் பார்த்துச் சொல்வேன். சொன்னதை எழுதிக்கொள்வார்கள். வருடத்தில் நாலைந்து தடவைதான் போவேன். மற்ற நாட்களில் அதை நினைத்துக்கொண்டே தாடி பிடுங்குவேன்.

2011 கடைசியில் மனுசி வந்து சேர்ந்தாள். யுத்தம் முடிந்த பிறகு அவள் ஒரு வருடம் முகாமில் இருந்தவள். அதைப்பற்றிக் கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். வந்து ஆறு மாதத்தில் லாச்சப்பலில் ஒரு புடவைக் கடைக்குப் பின்னறையில் பிளவுஸ் தைக்கத் தொடங்கினாள். தைப்பவர்கள் அந்தத் தெருவில் பலர். ஆனால் புடவைக்குப் பொருத்தமான நூலும் உள்துணியும் எடுத்துக் கொடுப்பதில் அவளைப் போல இன்னொருத்தி இல்லை என்று கொஞ்ச நாளில் பேச்சாகிவிட்டது. ஸ்தேன், கூசேன்வில் போன்ற புறநகர்களிலிருந்தும் கல்யாணப் புடவையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தங்கச்சி, ஒருக்கா இதைப் பாரும்," என்பார்கள். நூற்றுக்கணக்கான நூல்கட்டை உள்ள பெட்டியிலிருந்து அவள் ஒன்றை எடுப்பாள். துணியில் வைத்தால் நூல் காணாமல் போய்விடும்.

நான் இதை அறிந்திருந்தேன். ஆனாலும் நூலையும் மட்டியையும் சேர்த்து யோசிக்கவில்லை.

ஒரு நாள் அவள் கேட்டாள். "இஞ்சேருங்கோ, கடல் கடல் எண்டு போறியள். என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"அங்கை சரியான குளிர். உமக்கு ஏலாது."

"ஏலுமோ ஏலாதோ எண்டு நான் போய்ப் பார்க்கிறன்."

உண்மையில் எனக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போக ஆசைதான். அங்கே எனக்கிருக்கும் மதிப்பை அவள் பார்க்க வேண்டும். இரண்டு சோடிக் காலுறை போட்டு, சந்தையில் வாங்கிய ரப்பர் பூட்ஸும் என்னுடைய பழைய ஜக்கற்றும் மாட்டி அவளைக் கூட்டிப்போனேன். 2013 வசந்தம் என்று பெயர், ஆனால் காற்று காதை அறுத்தது. மதாமுக்கு அறிமுகம் செய்தேன். தபால்காரர் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் கணவர் பெரிய ஆள்," என்றார். நான் அதை அவளுக்குத் தமிழில் சொல்லும்போது சற்றுக் கூட்டியே சொன்னேன்.

அவளுக்கு ஒரு தட்டும் ஐம்பது மட்டியும் கொடுத்தோம். தேநீர் நிறம் இந்தப் பக்கம், கத்தரிக்காய் நிறம் அந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு நான் என் கயிற்றுக்குப் போய்விட்டேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அவளுக்கு முன்னால் மூன்று குவியல்.

"ஏன் மூண்டு? ரெண்டுதானே எண்டு சொன்னனான்."

"இது உங்கட தேத்தண்ணியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. இஞ்சை பாருங்கோ, தேத்தண்ணிக்குள்ளை ஊதா நூல் ஒண்டு ஓடுது. இதை எதுக்குள்ளை போடுறது?"

நான் குனிந்து பார்த்தேன். எனக்கு அது தேநீர் நிறமாகத்தான் தெரிந்தது. "அது வெளிச்சத்தாலை. உள்ளூரோடை போடும்," என்றேன்.

"இல்லை. வேறை."

எங்கள் சத்தம் கேட்டு மதாம் வந்தார். என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, மனுசி புதிது, மூன்றாகப் பிரித்துவிட்டாள் என்று சொன்னேன். மதாம் சிரிக்கவில்லை. ஈரப் பாறையில் முழங்காலை ஊன்றி மனுசிக்குப் பக்கத்தில் இருந்தார். மூன்றாவது குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்து, திறக்கும்வரை காத்திருந்து பார்த்தார். அவர் எழும்பும்போது காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"கலப்பு," என்றார். "இரண்டு இனமும் சேர்ந்து பிறந்தவை. நான் இதைத் தொண்டர்களுக்குச் சொல்வதே இல்லை. கண்ணால் பிடிக்க முடியாது என்று நினைத்திருந்தேன். இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

மனுசிக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. "என்னவாம்?" என்று என்னைப் பார்த்தாள்.

"நீர் பிரிச்சது சரியாம்," என்றேன். அதற்கு மேல் மொழிபெயர்க்கவில்லை.

சோதனை முடிவு வந்தபோது அவளுடைய மூன்று குவியலும் ஏறக்குறைய முழுவதும் சரி. அதைவிட மோசம், இத்தனை வருடமாக நான் உள்ளூர் என்று பிரித்தவற்றில் இருந்த கலப்பு மட்டிகளை மதாம் என் பிழையாகக் கணக்கெடுக்காமல் விட்டுவந்திருக்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன்பிறகு கரையில் மாணவர்கள் ஓட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி அவளிடம் போனார்கள். அவள் தட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தலையைச் சாய்த்து, கையால் குவியலைக் காட்டுவாள். மதாம் என்னிடம் பேசும்போதும் பார்வை அவள் பக்கம் போகும். ஒரு தடவை ரெயில் வேலைநிறுத்தத்தால் நான் மட்டும் ஒருவருடைய காரில் இடம்பிடித்துப் போனேன். மதாம் என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் தேடிவிட்டு, "அவர் வரவில்லையா?" என்றார். அந்தக் கேள்வி அன்று முழுக்க எனக்குள் குடைந்தது. நான் வந்திருக்கிறேனே!

வீட்டில் அதைக் காட்ட முடியாது. ஆகவே வேறு விதமாகக் காட்டினேன். சோற்றில் உப்புக் கூட என்றேன். அவள் பிரெஞ்சில் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் உடனே திருத்தினேன். "உமக்கென்ன, இப்ப பெரிய விஞ்ஞானி," என்று பகிடி மாதிரிச் சொல்வேன். அவள் அதைப் பகிடியாகவே எடுத்துச் சிரிப்பாள். அது இன்னும் எரிச்சலைக் கூட்டும். முகாமிலிருந்து ஒரு பையோடு வந்த மனுசி, முதன்முதலாக ஒன்றில் சந்தோசப்படுகிறாள், அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது என்று எனக்கே தெரியும். தெரிந்தும் அது நிற்கவில்லை.

அடுத்த வருடம் மார்ச் மாதம். கடல் மிக அதிகமாக வற்றும் காலம் என்பதால் எல்லோரும் வந்திருந்தார்கள். அன்றைக்கு மதாம் ஒரு காரியம் செய்தார். புதிதாக வந்தவர்களிடம் என் மனுசியின் தோளில் கைவைத்து, "இவர்தான் எங்கள் கண்," என்றார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன். அவர் என்னைக் காயப்படுத்தச் சொல்லவில்லை. எனக்கு ஒரு காலத்தில் அதே சொல்லைச் சொன்னதே அவருக்கு நினைவில்லை என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்ததும் பைகளை மேட்டில் நிற்கும் வானுக்குக் கொண்டுபோக வேண்டும். கலப்புக்கும் சேர்த்து இப்போது ஒவ்வொருவருக்கும் மூன்று பை, உள்ளே இலக்கம் எழுதிய துண்டு. மனுசி கீழே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்ரையையும் கொண்டு போறியளே?" என்று கேட்டாள். நான் ஆறு பையையும் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

கடற்சுவருக்குப் பின்னால் காற்றுப் படாத ஒரு மூலை இருந்தது. அங்கே நின்றேன். துண்டுகளை மாற்றினால் எல்லாம் தலைகீழாக வரும், மதாம் உடனே கண்டுபிடித்துவிடுவார் என்று நிதானமாக யோசித்தேன். ஆகவே அவளுடைய மூன்று பையையும் அவிழ்த்து, இதிலிருந்து ஒரு கைப்பிடி அதற்கும், அதிலிருந்து ஒரு கைப்பிடி இதற்குமாக மாற்றிப் போட்டேன். திரும்பக் கட்டினேன்.

திரும்பும் ரெயிலில் அவள் லாச்சப்பலில் வாங்கிக்கொண்டு வந்த றோல்ஸைப் பிரித்தாள். இரண்டில் பெரியதை எனக்குத் தந்தாள். அமியோன் ஸ்ரேசன் வருவதற்கு முன் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

முடிவு ஜூனில் வந்தது. மதாம் ஃபோனில் அவளோடே நேரே பேசினார். அவளுடைய பிரெஞ்சு அதற்குள் நன்றாகவே வந்திருந்தது. நான் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். "இந்த முறை கொஞ்சம் குழம்பியிருக்கிறது. வெளிச்சம் சரியில்லை அன்றைக்கு. எல்லோருக்கும் நடப்பதுதான்," என்று ஸ்பீக்கரில் மதாமின் குரல் கேட்டது.

"எத்தனை பிழை?" என்று மனுசி கேட்டாள். மதாம் சொன்னார். அவள் நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள். பிறகு தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போய், நூலை அதன்மேல் வைத்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடும். எனக்கும் முந்தி இப்பிடி வந்தது," என்றேன்.

எனக்கு ஒரு ஆறுதல் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அது கிடைத்தது. ஒரு கிழமை இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பாராதது. அவள் கரைக்கு வருவதை நிறுத்தினாள். அது மட்டுமென்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவு கேவலமானவன். ஆனால் அவள் தன் கண்ணையே நம்பாமல் போனாள். கடையில் நூல் எடுத்தால் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகு கல்லாவில் நிற்கும் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்பாள். தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பாள். கூசேன்விலிலிருந்து ஒரு தாய் மகளின் கூறைப்புடவையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, தனக்கு நேரமில்லை என்று வேறு கடைக்கு அனுப்பிவிட்டாள். அவளுடைய சின்னம்மா ஒருவருக்குச் சலரோகத்தால் கண் போனதாம். அதை நினைத்துத் தேநீருக்குச் சீனி போடுவதையும் விட்டாள். இரத்தம் சோதித்தாள், ஒன்றுமில்லை. கண் டொக்டரிடம் ரொந்தேவுக்கு நாள் கேட்டால் ஒக்டோபரில்தான் கிடைத்தது. அந்த நாலு மாதமும் ஒவ்வொரு காலையும் அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கலண்டரைப் பார்ப்பாள். பிறகு மற்றக் கண்ணை.

நான் ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கண் டொக்டரின் காத்திருப்பு அறையில் எங்களைத் தவிர ஒரு வயதான ஆபிரிக்கப் பெண் மட்டும் இருந்தார். மனுசி ரொந்தேவுக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கண் போச்சுதெண்டால் நான் இஞ்சை என்ன செய்யிறது?" என்றாள். "ஊசியை விட்டால் எனக்கு வேறை என்ன தெரியும்?"

"உம்மட கண்ணுக்கு ஒண்டுமில்லை."

"டொக்டர் சொல்லட்டும்."

"நான் சொல்லுறன். நான்தான் மாத்தினனான்."

"என்னத்தை?"

"மட்டியை. மார்ச்சிலை. மேலை கொண்டுபோகேக்கை உம்மட பையை அவிட்டுக் கலந்து போட்டனான். நீர் பிரிச்சதிலை பிழை இல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பி உள்ளே போனாள்.

வெளியே வரும்போது அவளுக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். கண்மணி விரிந்து, பார்வை மங்கி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். கண்ணில் பழுதில்லை, மருந்தால் சில மணித்தியாலம் அப்படித்தான் இருக்கும், யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்று தாதி என்னிடம் சொன்னார். நான் கையை நீட்டினேன். அவள் அதைத் தட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கினாள். தெருவிலும் அப்படியே போனாள். கடைகளின் இரும்புக் கதவு, தபால் பெட்டி, நிறுத்தியிருந்த கார்கள், எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு. நான் இரண்டடி பின்னால் போனேன். ரெயில்பாதைக்கு மேலான பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"பொறாமை."

"ஆரிலை?"

"உம்மிலை."

கீழே ஒரு ரெயில் போய் முடிந்தது. பிறகு, "முகாமிலை ஒரு போத்தல் தண்ணிக்குச் சனம் ஒராளை ஒராள் பாத்து எரிஞ்சதைக் கண்டனான். அதிலை ஒரு ஞாயம் இருந்தது," என்றாள். முகாமைப் பற்றி அவள் தானாகச் சொன்ன முதல் வசனம் அது. "நாலு மாசம் நான் கண் தெரியாமல் போகப்போறன் எண்டு இருந்தனான். நீங்கள் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஓம்."

"மதாமுக்கு நீங்கள் உங்கட வாயாலை சொல்லோணும். ஃபோனிலை இல்லை. நேரை போய்."

அடுத்த திங்கட்கிழமை போனேன். மதாம் ஆய்வுகூடத்தில் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தண்ணீரை நிறுத்தவில்லை. நிறுத்திய பிறகு கேட்டார். "மற்றவர்களின் பைகளைத் தொட்டீர்களா?"

"இல்லை மதாம்."

"அதை நீங்கள் சொல்கிறீர்கள். நான் எப்படி நம்புவது? அந்த நாள் சேகரித்தது முழுவதையும் நான் எறிய வேண்டும். எத்தனை பேர் குளிரில் நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார். ஆனால் இனிமேல் வர வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கையைத் துடைத்துவிட்டு வாசல்வரை வந்து, எத்தனை மணிக்கு ரெயில் என்று கேட்டார். அன்று மாலை நான் வீட்டுக்கு வருமுன்னமே மனுசியோடு பேசிவிட்டார்.

அந்தக் குளிர்காலத்திலேயே மனுசி திரும்பவும் கரைக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் என்னோடு தேவைக்கு மட்டும் பேச்சு. சமைப்பாள், நான் சாப்பிடுவேன், கோப்பையைக் கழுவி வைப்பேன். எத்தனை மாதம் அப்படிப் போனது என்று சொல்ல விருப்பமில்லை. கடல் வற்றும் நாட்களில் அவள் விடியவே வெளிக்கிட்டு, பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு தனியே கார்-து-நோருக்கு நடந்துபோவாள். நான் யன்னலில் நின்று பார்ப்பேன். இப்போது தண்ணீர் இறங்கியிருக்கும், இப்போது தட்டு வைத்திருப்பார்கள், இப்போது மதாம் அவளுக்கு ஃபிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுப்பார் என்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பேன். பிழை செய்தவன் நான் என்று தெரிந்த பிறகாவது பொறாமை குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. முன்பு பக்கத்தில் நின்றாவது பார்த்தேன்.

2017 கோடையில் ஆய்வுகூடம் அவளுக்கு மூன்று மாத வேலை கொடுத்தது. சம்பளத்தோடு. கடை முதலாளியிடம் லீவு கேட்டுவிட்டு, புலோனில் ஒரு அறை எடுத்துத் தங்கினாள். போகலாமா என்று என்னிடம் கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னாள். திங்கட்கிழமைகளில் வேண்டுமானால் வாருங்கள் என்றும் சொன்னாள். அந்த வார்த்தைக்காக நான் இரண்டரை வருடம் காத்திருந்தேன்.

முதல் திங்கள் ஸ்ரேசன் வாசலில் அவள் நீல ஜக்கற்றோடு நின்றாள். என் பழைய ஜக்கற் அல்ல, ஆய்வுகூடம் கொடுத்தது. எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். மீன்கடைக்காரர் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு போன கிழவர் நின்று நலம் விசாரித்தார். துறைமுகத்துப் பக்கம் எங்களைக் கண்ட ஒரு மாணவி ஓடிவந்து, பையிலிருந்து ஓடொன்றை எடுத்து நீட்டினாள். மனுசி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னமோ சொன்னாள். இரண்டு பேரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள், சிரித்தார்கள். அவளுடைய பிரெஞ்சில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. மட்டிப் பேச்சு எனக்குத் தெரியாத சொற்களோடு எங்கேயோ போய்விட்டது.

மாணவி போன பிறகு அந்த ஓட்டை மனுசி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் பெருவிரலால் மூக்கைத் தடவிப் பார்த்தேன்.

"என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாள்.

"உள்ளூர்."

"கலப்பு," என்றாள். ஓட்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இன்றுவரை அவள் மட்டிப் பையை என்னிடம் தருவதில்லை. நானும் கேட்பதில்லை.

கடலோரமாக நடந்தோம். நெஞ்சுக்குள் பழைய இடத்திலேயே அது திரும்பவும் எரியத் தொடங்கியது. இந்தத் தடவை அவளுடைய கண்ணைப் பார்த்து மட்டுமல்ல. அந்த நீல ஜக்கற், அந்தக் கிழவர், அந்த நாய், அவளுக்குப் பழக்கமான அந்த ஊர் முழுவதையும் பார்த்து. முன்பென்றால் அவளுடைய நடையில் ஏதாவது குறை பிடித்திருப்பேன், வெயிலுக்கு ஏன் தொப்பி போடவில்லை என்று கேட்டிருப்பேன்.

"எனக்கு இப்பவும் பொறாமையாத்தான் இருக்கு," என்றேன்.

அவள் நிற்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும். ஸ்ரேசனிலை இறங்கேக்கையே முகத்திலை தெரிஞ்சது," என்றாள். "கெதியா வாங்கோ. பேக்கரி பூட்டப்போறாங்கள், பாண் வாங்கோணும்."